இழை அறுகிற சத்தம்

ஓடக்கரைப்பாளையத்தில் தறிச் சத்தம் போனது ஆடி மாசம் மூணாவது செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு. தறி நிற்கவில்லை, கரண்ட் போகவில்லை, நூல்கட்டையைச் சுமந்த நாடா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டுதான் இருந்தது, துணி விரல்கடை விரல்கடையாக உருளையில் ஏறிக்கொண்டுதான் இருந்தது, சத்தம் மட்டும், தண்ணீர்த் தொட்டியின் அடியில் துணி அடைப்பைப் பிடுங்கினால் தண்ணீர் ஒரு சுழி சுழித்து இறங்கிப் போகுமே அப்படி, ஊர் முழுக்க ஒரு சுழி சுழித்து இறங்கிப் போய்விட்டது.

அந்த ஊரில் சத்தம் என்றால் சும்மா சத்தம் இல்லை. நானூறு வீடு, ஆயிரத்து அறுநூறு விசைத்தறி. பிறந்த குழந்தைக்குத் தாலாட்டுப் பாட வேண்டியதில்லை, தறி ஓடினால் தூங்கும், தறி நின்றால் எழுந்து அழும். யாரும் பேசுவதில்லை, கத்துவார்கள். கத்தியும் கேட்காது என்பதால் வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள், தெருக்கோடியில் நிற்கிறவளின் உதட்டைப் பார்த்தே 'உன் மாமியார் வருது' என்று தெரிந்துகொண்டு ஓடிப்போய் அடுப்பைப் பற்ற வைப்பார்கள். மாசத்துக்கு ஒரு நாள் கரண்ட் நிப்பாட்டுவார்கள், காது வேண்டிய வேலையெல்லாம் அந்த ஒரு நாளுக்கு எடுத்து வைத்திருப்பார்கள்: பெண் பார்ப்பது அன்றைக்கு, பஞ்சாயத்துப் பேசுவது அன்றைக்கு, வயிற்றுப் பிள்ளையின் துடிப்பை நர்சம்மா வந்து கேட்பது அன்றைக்கு. மாசம் முழுக்கச் சேர்த்து வைத்த பேச்சு ஒரே நாளில் கொட்டுவதால், கேட்டால் சிரிப்பீர்கள், அன்றைக்குத்தான் ஊரில் இரைச்சல் அதிகம்.

அப்படிப்பட்ட ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மைனாவதிக்கு வாய்த்தது சின்னக் குரல். ஆறு வருஷத்தில் அவள் சொன்ன எதையும் யாரும் முழுசாகக் கேட்டதில்லை. ஆரம்பத்தில் ஒன்றை இரண்டு தடவை சொல்லிப் பார்ப்பாள், பிறகு ஒரு தடவை, பிறகு சொல்லாமலே இருந்து பழகிக்கொண்டாள். அவள் புருஷன் குழந்தைவேல் செங்கோட்டுவேலின் பட்டறையில் ஆறு தறி ஓட்டினான். அவள் அதே பட்டறையின் வாசலோரம் உட்கார்ந்து தார் மிசினில், துணிக்குக் குறுக்கே ஓடுகிற ஊடை நூலைக் கட்டையில் சுற்றிக் கொடுப்பாள். நாலு வயசு மகள் மிதுனா அவள் காலடியில், தரையில், நூல் பிசிறையும் எறும்பையும் வைத்து விளையாடிக்கொண்டிருப்பாள்.

மிதுனா பேசாத பிள்ளை. இரண்டு வயசு முடிந்தும் வாய் திறக்காததால் மாமியார் பாவாயி ஒரு நாள் பித்தளைத் தாம்பாளத்தைக் கொண்டுவந்து குழந்தையின் முதுகுக்குப் பின்னால் கரண்டியால் ஓங்கி ஓங்கி அடித்தாள். குழந்தை திரும்பவில்லை. குக்கர் விசிலுக்குத் திரும்பவில்லை, பட்டாசுக்குத் திரும்பவில்லை, நோம்பிக்கு வாசலில் மேளம் அடித்துக்கொண்டு போனபோதும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செவுடு!" என்று பாவாயி கத்தினாள். ஊருக்குக் கேட்கவில்லை, ஆனால் உதட்டைப் பார்த்து ஊர் தெரிந்துகொண்டது.

சில நேரம் குழந்தையின் வாய் அசையும். மைனாவதி அதைப் பார்த்திருக்கிறாள். "அது சும்மா மெல்லறது, செவுட்டுப் புள்ளைங்க அப்படித்தான் வாயை மென்னுகிட்டே இருக்கும்" என்று மாமியார் சொன்னாள், மைனாவதியும் சரி மெல்கிறாள் போலிருக்கிறது என்று நம்பினாள். நம்பிய பிறகு பார்த்தால் அது மெல்கிற மாதிரியேதான் இருந்தது.

குழந்தைவேல் கெட்டவன் இல்லை. எழுபது மைல் தள்ளி, காது கேளாத பிள்ளைகளுக்கு ஒரு விடுதிப் பள்ளிக்கூடம் இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு நாள் லீவு போட்டுப் போய் விண்ணப்பம் வாங்கி வந்து கையெழுத்துப் போட்டிருந்தான். ஆடிக் கடைசி வெள்ளிக்கிழமை ஒரு டீச்சர் நேரில் வந்து பார்த்து, தாயும் கையெழுத்துப் போட்டதும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவார். வருஷத்துக்கு இரண்டு தடவை வீட்டுக்கு விடுவார்கள். "அங்க போனாத்தான் புள்ள கைப்பேச்சாச்சும் கத்துக்குவா. இங்க இருந்தா எறும்புகூடத்தான் இருப்பா" என்று அவன் சொன்னான். மைனாவதி குழந்தையின் ஐந்து கவுனிலும் கழுத்துக்கு உள்பக்கமாக சிவப்பு நூலால் பெயர் தைத்து வைத்தாள்.

அதற்குப் பத்து நாள் முன்னால்தான் சத்தம் போனது.

தார் மிசின் ஓடுகிறது, சத்தம் இல்லை. மைனாவதி மிசினைப் பார்த்தாள், கட்டையைத் தொட்டுப் பார்த்தாள், சூடாக இருந்தது. அப்போது காலடியில் யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

"அந்தப் பக்கம் போவாத எறும்பே, அங்க எண்ணெ கொட்டியிருக்குது. வழுக்கி உழுந்துருவே. இப்படி வா. உங்கம்மா தேடுவாங்கல்ல."

மைனாவதி குனிந்தாள். மிதுனாவின் வாய் எப்போதும் போல அசைந்துகொண்டிருந்தது, ஆனால் மெல்கிற மாதிரி இல்லை. குரல் சின்னக் குரல். அச்சு அசல் மைனாவதியின் குரல்.

"மிது" என்றாள் மைனாவதி, மூச்சு விடுகிற அளவுக்கு.

"என்னம்மா?"

"எப்பக் கண்ணு பேச ஆரம்பிச்சே?"

குழந்தை எறும்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "எப்பவும் பேசறனே" என்றது.

இரண்டு வருஷமாக அவள் பேசிக்கொண்டிருந்தாள். தறிச் சத்தத்துக்கு அடியில், கத்த வேண்டும் என்று யாரும் சொல்லித் தராததால் கத்தாமல், தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். உயரத்தில் இருக்கிற வாயைத்தான் அந்த ஊர் படிக்கும். முழங்காலுக்குக் கீழே அசைகிற வாயைக் குனிந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, பெற்றவளுக்கும் தோன்றவில்லை. மைனாவதி அழுதாள், அழுகிற சத்தம் அவளுக்கே கேட்டதும் வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டாள், குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பட்டறைக்குள் ஓடினாள்.

உள்ளே யாரும் கேட்கிற நிலையில் இல்லை. குழந்தைவேல் இரண்டு காதிலும் விரலை விட்டுக் குடைந்துகொண்டிருந்தான். செங்கோட்டுவேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூணாம் நம்பர் தறியின் இரும்புச் சட்டத்தில் காதை வைத்து, "ஓடுது, ஆனா ஓடல, ஓடுது, ஆனா ஓடல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்துத் தெருவில் ஆளாளுக்குத் தங்கள் பெயரைத் தாங்களே கத்திக் காது வேலை செய்கிறதா என்று பார்த்தார்கள்.

"ஏனுங், புள்ள பேசறா" என்றாள் மைனாவதி.

"இப்ப அதுவா முக்கியம்!" என்று கத்தினான் குழந்தைவேல். பிறகுதான் அவள் சொன்னது மண்டையில் ஏறி, குழந்தையின் முகத்துக்கு நேராக, "பேசு பாப்பா! மிதுனா! பேசு!" என்று கத்தினான். குழந்தையின் முகம் அப்படியே மூடிக்கொண்டது, கடையின் ஷட்டரை இழுத்து விட்ட மாதிரி. பிறந்ததிலிருந்து பெரிய சத்தம் எல்லாம் அவளுக்குத் தறிதான். தறி ஓடினால் யாராவது திரும்பிப் பார்ப்பார்களா?

"பாத்தியா" என்றான் அவன்.

அன்றைக்கு ஊரில் பஞ்சுக்குச்சி தீர்ந்தது, தேங்காய் எண்ணெய் காய்ச்சிக் காதில் விட்டுக்கொண்டார்கள், எலெக்ட்ரீசியன் மூணு தெருவில் மோட்டாரைப் பிரித்து மாட்டினான், பூசாரி வேப்பிலையால் ஆயிரத்து அறுநூறு தறியையும் தட்டிக்கொண்டே போய் நானூறோடு கை வலித்து நிறுத்தினார், குழந்தைகள் தூங்காமல் அழுதார்கள், தூங்குகிற வயசானவர்கள் செத்துப்போனோமோ என்று எழுந்து உட்கார்ந்தார்கள். மறுநாள் புதன்கிழமை செங்கோட்டுவேல் பட்டறை முன்னால் ஊர் கூடியது. சத்தமில்லாமல் நெய்த துணியை எவன் வாங்குவான், சாயம் போன துணி மாதிரிப் பார்ப்பானே என்று ஒருவர் சொன்னார். பக்கத்து ஊர்க்காரன் சிரிப்பான் என்று ஒருவர் சொன்னார். சத்தமில்லாத ஊருக்கு எவன் பெண் கொடுப்பான் என்று பாவாயி சொன்னாள், அதுதான் எல்லாரையும் பயமுறுத்தியது.

கடைசியில் செங்கோட்டுவேல் எழுந்து, "இங்க பாருங்க, சத்தம் எங்கயும் போயிருக்காது, வந்துரும். வர்ற வரைக்கும் இருக்கற மாதிரியே இருங்க. எப்பவும் போலக் கத்திப் பேசுங்க. வெளியூர்க்காரங்க யாருகிட்டயும் மூச்சு உடக்கூடாது" என்று முடிவு சொன்னார்.

வியாழக்கிழமை காலை குழாயடியில் முதலில் பாவாயிக்கு வந்தது. குடத்தைக் கீழே போட்டுவிட்டு, "வந்துருச்சு! எனக்கு வந்துருச்சு!" என்று காதைப் பொத்திக்கொண்டு ஆடினாள். அவள் வீட்டில் அன்றைக்குச் சர்க்கரைப் பொங்கல். மதியத்துக்குள் குழாயடித் தெருவில் பத்துப் பேருக்கு வந்தது. அதன் பிறகு வழியில் பார்த்தால் சாப்டாச்சா என்று கேட்பது போய், "உனக்கு வந்துருச்சா?" என்று கேட்டார்கள். வராதவர்கள் வந்துவிட்டது என்று பொய் சொன்னார்கள். பொய் சொன்னவர்கள் நம்ப வைப்பதற்காகத் தறியைப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள், நாடா போய் வர ஒரு ஆட்டு, நாடா போய் வர ஒரு ஆட்டு, ஆட்டிக்கொண்டே இருந்து சாயங்காலத்துக்குள் அவர்களுக்கும் நிஜமாகவே வந்துவிட்டது. ஆளாளுக்கு அவரவர் சத்தம் வந்தது. தார் போடுகிற ரத்னாவுக்கு, புருஷன் இருந்த காலத்தில் ஓட்டிய பழைய தறியின் நொண்டிச் சத்தம் வந்தது, அவள் யாரிடமும் சொல்லாமல் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செங்கோட்டுவேலுக்கு, ரிப்பேராகி மூலையில் நிற்கிற இரண்டு தறியும் சேர்ந்து ஓடுகிற மாதிரிக் கேட்டது, அவருக்கு அதில் ரொம்பச் சந்தோஷம்.

அடுத்த செவ்வாய்க்குள் ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லாருக்கும் சத்தம் வந்துவிட்டது, மைனாவதியையும் மிதுனாவையும் தவிர.

வராமல் போனதற்குக் காரணம் பெரிசாக ஒன்றும் இல்லை. மைனாவதி அதைக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். மற்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு சத்தத்தைத் தேடியபோது அவள் குழந்தை பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷப் பேச்சு பாக்கி இருந்தது. பல்லி எத்தனை விதமாகச் சத்தம் போடும் என்று மிதுனா சொல்லிக் கொடுத்தாள். அரிசி முதல் தண்ணியில் கழுவும்போது ஒரு சத்தம், மூணாம் தண்ணியில் வேறு சத்தம் என்று சொல்லிக் கொடுத்தாள். "அம்மா, அப்பாவோட நாலாவது தறியில அறுந்துச்சு" என்பாள். மைனாவதி எழுந்து போய்ப் பார்த்தால், நீளவாக்கில் ஓடுகிற அத்தனை ஆயிரம் பாவு இழையில் ஒரு இழை அறுந்து துணியில் கோடு விழ ஆரம்பித்திருக்கும்.

"எப்படிக் கண்ணு தெரியுது?"

"டிப்புனு சொல்லுமே. உங்களுக்குக் கேக்கலயா?"

ஐந்தாம் நாள் மைனாவதிக்கும் கேட்டது. வெல்லப்பாகு காய்ச்சும்போது ஒரே ஒரு குமிழி உடைந்த மாதிரி, அவ்வளவு சின்னது. பெரிய சத்தம் ஓடிய காலத்திலும் இந்தக் குழந்தைக்கு அதுதான் கேட்டிருக்கிறது. பெரியதைத் தள்ளிவிட்டுச் சின்னதை எடுத்துக்கொண்டிருக்கிறாள், அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி.

சாப்பாட்டு நேரத்தில் குழந்தைவேலிடம் சொன்னாள். "புள்ளைக்குக் காது கேக்குதுங்க. நீங்க கத்தாமக் கூப்பிட்டுப் பாருங்க."

"கத்தாம எப்படிடி கூப்பிடறது, இந்தச் சத்தத்துல!"

"சத்தமே இல்லீங்க."

அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தான். கோபம் இல்லை, பாவம் பார்க்கிற பார்வை. "உனக்கும் போயிருச்சா?" என்று, அவள் முகத்துக்குக் கிட்டத்தில் வந்து, உதட்டை நன்றாக விரித்து விரித்துக் கேட்டான்.

அன்றைக்கே ஊருக்குத் தெரிந்துவிட்டது. தாய்க்கும் மகளுக்கும் சேர்ந்தே செவிடு. "பொண்ணு பாக்கப் போனன்னிக்கே எனக்குச் சந்தேகம், என்ன கேட்டாலும் மெதுவாவே பதில் சொன்னா" என்று பாவாயி வாசலில் உட்கார்ந்து கத்தினாள். ரத்னா, "அந்த டீச்சரம்மா வந்தா ரெண்டு பேரையும் சேத்தே அனுப்பி வெச்சுருங்க, செலவு மிச்சம்" என்றாள், தெருவே சிரித்தது.

மைனாவதி தண்ணிக்குடத்தோடு நின்றாள். ஆறு வருஷத்தில் தெருவில் நின்று அவள் யாருக்கும் பதில் சொன்னதில்லை. "ஆமாங்க்கா, நான் செவுடுதான்" என்றாள். "இல்லாத சத்தம் எனக்குக் கேக்கல. கேக்கவும் வேண்டாம்." சொல்லிவிட்டுக் குடத்தை இறக்காமல் நடந்து போனாள். தண்ணி ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

இனி அவளுக்கு இருந்தது ஒரே நம்பிக்கை. வெள்ளிக்கிழமை வரப்போகிற டீச்சர் வெளியூர்க்காரி. அவர் காதுக்கு இந்த ஊர்ச் சத்தம் தெரியாது. வந்து இறங்கினதும் ஊர் அமைதியாக இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும், அப்புறம் மெதுவாகக் கூப்பிடச் சொன்னால் போதும்.

எஸ்தர் டீச்சர் பதினொரு மணி பஸ்ஸில் வந்தார். கண்ணாடி போட்ட, களைத்த முகம், நல்ல முகம். தோளில் ஒரு துணிப்பை, அதில் மணி, சின்ன மேளம், கிலுகிலுப்பை. ஆறு தறியை விட்டுவிட்டு வர முடியாது என்று குழந்தைவேல் சொன்னதால் நேரே பட்டறைக்கே கூட்டி வந்தார்கள். டீச்சர் வாசற்படியில் நின்று எல்லாரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஏங்க எல்லாரும் இப்படிக் கத்தறீங்க?" என்று கேட்டார்.

மைனாவதிக்கு உடம்பெல்லாம் பூத்துவிட்டது.

"சத்தம் டீச்சர்! தறிச் சத்தம்!" என்று செங்கோட்டுவேல் கத்தினார்.

"சத்தமா?"

"புதுசா வர்றவங்களுக்கு மொதல்ல காது அடைச்சுக்கும்! டீ சாப்பிடுங்க, சரியாப் போயிரும்!"

டீச்சர் டீயைக் குடித்தார். நாலு பக்கமும் நாலு பேர் நின்று கத்தினார்கள். எதிரில் இருபத்திரண்டு தறி ஓடுவதைக் கண்ணால் பார்த்தார், இரும்புக் கை நாடாவை அடிப்பதைப் பார்த்தார், அடி விழுவதைப் பார்த்தால் சத்தம் கேட்காமல் எப்படி இருக்கும்? கால் டம்ளரில் லேசாக முகம் சுளித்தார். அரை டம்ளரில், "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க" என்றார். டம்ளரைக் கீழே வைக்கும்போது கைக்குட்டையை எடுத்து ஒரு காதை மூடிக்கொண்டு, "ஐயோ, என்னங்க இது, இந்தச் சத்தத்துல எப்படி வேலை செய்யறீங்க!" என்று கத்தினார். செங்கோட்டுவேல் பெருமையாகச் சிரித்தார்.

மைனாவதி அந்தக் காலி டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மிதுனாவைத் தறிகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். டீச்சர் பின்னால் நின்று மணி அடித்தார், குழந்தை திரும்பவில்லை. மேளம் தட்டினார், திரும்பவில்லை. பாவாயி வீட்டிலிருந்து அதே பித்தளைத் தாம்பாளத்தைக் கொண்டு வந்திருந்தாள், அதையும் ஒரு கை பார்த்தாள். குழந்தை ஸ்டூலின் காலில் ஏறுகிற எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. டீச்சர் பெருமூச்சு விட்டுத் தாளை எடுத்து மேசையில் வைத்துப் பேனாவைத் திறந்தார். "அம்மா மட்டும் கையெழுத்துப் போட்டாப் போதும்!"

மைனாவதி நாலாவது வரைக்கும் படித்தவள்தான், தன் பெயர் எழுதத் தெரியும். பேனாவை வாங்கினாள். குழந்தைவேல் தறியோரம் நின்று தரையைப் பார்த்தான். பாவாயி, "போடு அம்மிணி, புள்ள நல்லதுக்குத்தான்" என்றாள், அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"செவுடா இருந்தா அனுப்பறதுல ஒரு குறையும் இல்லீங்க டீச்சர்" என்றாள் மைனாவதி. "உங்க பள்ளிக்கூடத்தப் பத்தி நல்லாத்தான் சொல்றாங்க. இவ செவுடு இல்ல. இவள உட்டுட்டு இங்க இருக்கற மத்தவங்களைச் சோதிச்சுப் பாருங்க."

டீச்சர் கைப்பேச்சு தெரிந்தவர், உதட்டைப் படிக்கத் தெரியாதவர். "என்ன சொல்றாங்க?" என்று சுற்றிலும் பார்த்துக் கத்தினார். உதட்டைப் படித்தவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை.

மைனாவதி பேனாவை மூடினாள். டீச்சர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மிதுனாவின் பின்னால் நிறுத்தி, அந்த இரண்டு கையையும் குழந்தையின் கண்மேல் வைத்து மூட வைத்தாள். இவளுக்கு என்ன ஆச்சு என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நேராக நடந்து நாலாவது தறிக்குப் போய், பாவுக்குள் விரலை விட்டு, ஒரே ஒரு இழையை நகத்தில் மாட்டி அறுத்தாள்.

"அறுந்துச்சு" என்றது குழந்தை. கண் மூடியபடியே கை நீண்டு நாலாவது தறியைக் காட்டியது.

இந்தத் தடவை குழந்தை ஸ்டூலில் உயரமாக உட்கார்ந்திருந்தது. வாய் எல்லாருக்கும் தெரிந்தது. ஊரே உதடு படிக்கிற ஊர். அறுந்துச்சு என்று அந்த வாய் சொன்னதை இருபது பேர் படித்தார்கள்.

"ஏய், எதுக்குடி இழைய அறுக்கறே!" என்று செங்கோட்டுவேல் பாய்ந்து வந்தார். மைனாவதி அதற்குள் ஒன்பதாவது தறிக்குப் போய்விட்டாள்.

"அந்தப் பக்கம் அறுந்துச்சு." கை ஒன்பதாவது தறிக்குத் திரும்பியது.

பதினேழாவது தறியில் மைனாவதி இழையைத் தொட்டாள், அறுக்கவில்லை. குழந்தையின் வாய் அசையவில்லை. அறுத்தாள். "அறுந்துச்சு. எத்தன அறுப்பீங்கம்மா, அப்பாதான முடி போடணும்?"

டீச்சர் கையை எடுத்துவிட்டார். கைக்குட்டை கீழே விழுந்து கிடந்ததை அவர் கவனிக்கவில்லை. தாளை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, குழந்தையின் தலையை ஒரு தடவை தடவிவிட்டு, வாசற்படியில் போய் உட்கார்ந்தார்.

அத்தோடு அந்த ஊருக்கு ஏதாவது உறைத்திருக்க வேண்டும், இல்லையா? உறைக்கவில்லை. இருபது பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு, இவ்வளவு சத்தத்துக்கு நடுவில் ஒரு இழை அறுகிறது கேட்கிறதென்றால் அது மனுசக் காதா என்று கத்தினார்கள். பாவாயி தாம்பாளத்தைத் திருப்பி வைத்து அதிலேயே சூடம் ஏற்றினாள். செங்கோட்டுவேலுக்கு முகமெல்லாம் பல். "குழந்தைவேலு! நாளையிலருந்து பாப்பா இங்க நடுவுல உக்காரட்டும்! இருபத்திரண்டு தறிக்கும் ஒரே காது! ஒரு கோடு உழுவாது துணியில! மெத்தை போட்டுத் தர்றேன், பேன் போட்டுத் தர்றேன்!"

மைனாவதி மகளைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். எல்லார் கண்ணும் அவள் உதட்டுக்கு வந்தது. அவள் முந்தானையை எடுத்துத் தன் வாயை மூடிக்கொண்டாள். மூடிக்கொண்டு பேசினாள்.

"என்ன சொல்றா? துணிய எடுக்கச் சொல்லு! சத்தமாச் சொல்லு!"

அவள் துணியை எடுக்கவில்லை, குரலை ஏற்றவும் இல்லை. அதே சின்னக் குரலில் அதையே திரும்பச் சொன்னாள். கேட்க வேண்டுமென்றால் கிட்டத்தில் வரட்டும். ஆறு வருஷம் அவள் இந்த ஊருக்குக் கிட்டத்தில் வந்தாயிற்று.

பிறகு குழந்தைவேல் தன் முதல் தறியின் கைப்பிடியைத் தள்ளி நிறுத்தினான், இரண்டாவதை நிறுத்தினான், ஒன்று நிற்க நிற்க அவன் முகத்தில் ஏதோ ஒன்று இறங்கிக்கொண்டே வந்தது, ஆறாவதும் நின்றபோது அவன் கழுத்தைச் சாய்த்து, புது ஊருக்கு வந்தவன் மாதிரி நாலு பக்கமும் பார்த்தான். வந்து, அவள் முந்தானைக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனான்.

"எம் புள்ள காது இவிய தறிக்கு இல்லீங்க" என்றாள் மைனாவதி.

அவன் மகளிடம் திரும்பினான். பழக்கத்தில் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான், கத்துவதற்கு. குழந்தை தன் சின்னக் கையால் அவன் வாயைப் பொத்தியது.

"கத்தாதீங்கப்பா. நா இங்கதான இருக்கறன்."

இழுத்த மூச்சை அவன் ரொம்ப நேரம் கழித்துத்தான் விட்டான்.

"என்னடா குழந்தைவேலு, என்ன சொல்றா உம்பொண்டாட்டி? நாளைக்குக் கூட்டிட்டு வர்றியா இல்லியா?" என்று செங்கோட்டுவேல், ஓடாத தறியும் சேர்ந்து ஓடுகிற அவருடைய சத்தத்துக்கு நடுவிலிருந்து, தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினார்.

குழந்தைவேல் முதலாளிக்கு முன்னால் போய் நின்றான். வலது கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டான். பார்த்தவர்களுக்கு அது மரியாதை மாதிரித்தான் இருந்தது. பொத்திய கைக்கு உள்ளேயே, மெதுவாக, பதில் சொன்னான்.

"என்னது? கேக்கலடா! சத்தமாச் சொல்லு!"

அவன் இன்னொரு தடவை சொன்னான், அதைவிட மெதுவாக.

வேறு வழியில்லாமல் செங்கோட்டுவேல் குனிந்தார்.